கேன் தண்ணீரில் கழுவிய கொத்தமல்லி

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் பக்கம் சாயங்காலத்தில் சுண்டல் விற்கிறேன். வண்டி கிடையாது. ஒரு ஸ்டூல், ஒரு குண்டான், அவ்வளவுதான். மெட்ரோ வேலைக்குத் தகரத் தடுப்பு அடித்து அடித்து எங்களை நகர்த்திக்கொண்டே வந்தார்கள். கடைசியில் பூக்காரி பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் கிடைத்தது. அது போனால் வேறு இடம் இல்லை.

மாடிப்படி ஈரத்தில் வழுக்கி வலது கை முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். நான் போகாத நாளெல்லாம் பூக்காரி தன் கூடையை என் இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஒரு நாள் போன் செய்தாள்.

"எக்கா, பஜ்ஜி வண்டிக்காரரு தெனம் வந்து நோட்டம் வுடுறாரு. நாளைக்கு நீ வரலன்னா என்னால புடிச்சி வைக்க முடியாது."

என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். தண்ணி லாரி ஓட்டியவர். முட்டி போனதிலிருந்து இந்த நூம்பல் ஊரில் வீட்டோடு இருக்கிறார். நான் செய்கிறேன் என்றார். கேஸ் அடுப்பை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்றும் கேட்டார். எனக்கு வேறு வழி இல்லை. சரி என்றேன்.

போய்க் காய் வாங்கி வந்தார். கொத்தமல்லி, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், மாங்காய், வெங்காயம். கேட்காத உருளைக்கிழங்கும் வந்தது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு நான் படுத்துவிட்டேன். படுத்திருக்கக் கூடாது.

காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். எல்லாவற்றையும் கழுவி, சொட்டச் சொட்ட ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு, முடிச்சுப் போட்டு, ஐஸ் பிடிக்கிற பின்பக்கமாகத் தள்ளியிருந்தார். கொத்தமல்லி கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. மாங்காய் கல்லாகிக் கிடந்தது. வெங்காயமும் கிழங்கும்கூட உள்ளே.

சொன்னேன். கீரை வகையைக் கழுவாமல் வேரை நறுக்கி, பேப்பரில் சுற்றி வைக்க வேண்டும். மிளகாய்க்குக் காம்பைக் கிள்ள வேண்டும். வெங்காயம், கிழங்கு வெளியே கூடையில், காற்றுப் படுகிற மாதிரி. அதிலும் ஒன்றோடு ஒன்று சேர்க்கக் கூடாது.

"அப்போ ஃப்ரிட்ஜு எதுக்கு மே?" என்றார்.

சுண்டலுக்குக் கடலைதான் முக்கியம். கொண்டைக்கடலை ராத்திரியே ஊறப் போட்டிருந்தார். ஊறியும் இருந்தது. நம்பிவிட்டேன். குக்கரில் வைத்தார். விசில் வந்தது, திறந்தார், ஒன்றைக் கடித்தார். மறுபடி மூடினார். மறுபடி விசில். உச்சி வெயில் வரைக்கும் இதே வேலை. கடைசியில் எனக்கு ஒன்று கொடுத்தார். பல்லில் கடக்கென்றது. உப்பு வேறு முதலிலேயே போட்டிருந்தார்.

"எந்தத் தண்ணியில வச்ச?"

"கொழாத் தண்ணி."

எங்கள் குழாயில் வருவது போர்வெல் தண்ணீர், உப்பு. பக்கெட்டில் வெள்ளையாகப் படிந்து சுரண்டினாலும் போகாது. அதில் பருப்பு வேகாது, கடலை எங்கே வேகும்? எங்கள் தெருவில் சமையலுக்கு எல்லா வீட்டிலும் கேன் தண்ணீர்தான். அவருக்கும் அதில்தான் சோறு பொங்கிப் போட்டேன்.

"கேன்ல இருந்தது இன்னா ஆச்சு?"

"கொத்தமல்லி கழுவிட்டேன். இலைல ஒரே மண்ணு."

நல்ல தண்ணீரைக் கீரைக்கு ஊற்றிக் கீரையையும் அழுக வைத்தாயிற்று. உப்புத் தண்ணீரில் கடலையையும் கெடுத்தாயிற்று. தண்ணி லாரி ஓட்டின ஆளாய்யா நீ என்று கேட்டேன்.

"எட்தும் போய் ஊத்தறதுதான் என் வேல. வேக வைக்கிறது இல்ல" என்றார்.

கேன்காரன் போனை எடுக்கவில்லை. கடலை இனி ஆகாது. டப்பாவில் பச்சைப்பயறு இருந்தது. அதை ஊற வைக்கத் தேவையில்லை. மாடி வீட்டில் ஒரு குடம் நல்ல தண்ணீர் கேட்டேன், கொடுத்தார்கள். வீட்டுக்காரர்தான் படிக்குப் படி நின்று இறக்கிக்கொண்டு வந்தார்.

குக்கர் வேண்டாம், குழைந்துவிடும் என்றேன். பாத்திரத்தில் வை. சும்மா சும்மா கிளறாதே. ஒன்றை எடுத்து நசுக்கிப் பார். நசுங்கினால் உப்பைப் போட்டு இறக்கு. அவர் உட்காரவே இல்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பயறு உடையாமல் வெந்தது. தாளிக்கக் கடுகும் காய்ந்த மிளகாயும் இருந்தன. மேலே தேங்காய். கொத்தமல்லி இல்லை.

நாங்கள் இருவரும் போய்ச் சேர்ந்தபோது பஜ்ஜி வண்டி என் இடத்தில் நின்றது. எண்ணெய் ஊற்றியிருந்தார், அடுப்பு பற்ற வைக்கவில்லை. வீட்டுக்காரர் வண்டிச் சக்கரத்தை ஒட்டி ஸ்டூலைப் போட்டுக் குண்டானை வைத்தார்.

"காலியா கீதுன்னுதான் வந்தேன் அண்ணாத்தே" என்றார் பஜ்ஜிக்காரர்.

"காலின்னு யாரு சொன்னது? என் பூக்கூட இங்க குந்தினு கெடந்தது கண்ணு தெர்லியா?" என்றாள் பூக்காரி.

பஜ்ஜிக்காரர் குண்டானை எட்டிப் பார்த்தார். "கடல இல்லியா? பயறுதானா? இது ஒரு நாளு கததான்."

"நாளைக்குக் கடல. வந்து துன்னு பாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

பஜ்ஜிக்காரர் வண்டியைத் தகரத்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பயறு விற்றுத் தீர்ந்தது. திரும்பும்போது வழியில் கொத்தமல்லி விற்றார்கள். வாங்காதே என்றேன். இரண்டு கட்டு வாங்கினார். வீட்டு வாசலில் புதுக் கேன் வந்திருந்தது. அதைத் தூக்கி என் கட்டில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன்.

"எதுக்கு மே?"

"இது நாளைக்குக் கடலைக்கு. இங்கயே இருக்கட்டும்" என்றேன்.