ஆந்தை மரத்தை வெட்ட வந்தவர்

கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீடுகளுக்கு மேலே மேட்டில் நின்ற பட்ட மரத்தை வெட்ட வந்தவருக்கு வலது கண் இல்லை. வெட்டுமுன் ஏணி வைத்து ஏறி, பொந்துகளைத் தட்டிப் பார்த்தார்.

“எதுக்குங்க?” என்றேன்.

“குஞ்சு இருக்கான்னு பாக்கணுங்க. முன்ன ஒருக்கா பாக்காம வெட்டிட்டேன். குஞ்சு செத்துருச்சு. தாய் ஆந்தை மூஞ்சில அடிச்சிருச்சு. கண்ணு போச்சு.”

நான் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“இங்கயும் தாய் இருந்தா?”

“இருக்குங்க. அந்தா, அந்தக் கொப்புல.”

பட்டையோடு பட்டையாக ஒரு பழுப்பு ஆந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஐயோ, எறங்குங்க!” என்று கத்தினேன். அவரோ மிச்சமிருந்த கண்ணைப் பொந்தில் வைத்தார்.

“ரெண்டு இருக்குங்க” என்று சிரித்தார்.

வெட்டாமலே போய்விட்டார்.