தாய்மாமன் வண்டிக்குப் புது டயர்

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து ஃபாக்டரியில் கொழுந்து அரைக்கும் மெஷினோடு காலமெல்லாம் மல்லுக்கட்டிய சின்னராசாவுக்கு, தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இரண்டு இருந்தன. ஒன்று கிழட்டு ஹொண்டா பைக். இன்னொன்று தம்பி ரமேஸ் மேல் இருந்த பொறாமை. பைக்காவது சில காலைகளில் கிளம்ப அடம் பிடிக்கும். பொறாமை அப்படியில்லை, முதல் உதையிலேயே கிளம்பிவிடும்.

காரணம் இல்லாமலும் இல்லை. அப்பா செத்ததும் சின்னராசா படிப்பை விட்டுத் தோட்டத்தில் பேர் பதிந்துகொண்டார். அவர் உழைப்பில் ரமேஸ் பண்டாரவளைக்குப் போய்ப் படித்தான், கட்டாருக்குப் பறந்தான், கொஞ்சம் தொப்பையும் நிறையச் சிரிப்புமாகத் திரும்பி வந்தான். சின்னராசா குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே ரமேஸின் மாடி வீடு எழும்பியது. வாசலில் புது பைக் நின்றது, கன்றுக்குட்டி கனத்தில் டயரோடு. அண்ணனை வழியில் கண்டால் ரமேஸ் பைக்கை விட்டு இறங்கி நின்றுதான் பேசுவான். அதுவும் சின்னராசாவுக்கு நடிப்பாகவே பட்டது.

இவர்களுடைய ஒரே தங்கை விஜயலெட்சுமி, ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகள் தனுஜா பெரியவளான செய்தி முதலில் ரமேஸுக்குத்தான் போனது.

“தங்கச்சி ஒங்களுக்குத்தான் மொதல்ல அடிச்சிருக்கா அண்ணே. போன் போகலையாம்” என்று ரமேஸ் வந்து சொன்னான்.

ஃபாக்டரிக்குள் சிக்னல் கிடைப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும். அதற்கும் தம்பிதான் காரணம் என்பது போலச் சின்னராசா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தனுஜாவைக் கைக்குழந்தையாக ஹொண்டாவின் பெற்றோல் டாங்கியில் உட்கார வைத்து ஊர் சுற்றிக் காட்டியவர் அவர். இப்போது அவள் சின்ன மாமாவின் பைக்கில் சாய்ந்து நின்றுதான் போட்டோ எடுக்கிறாள். அந்தப் போட்டோவைப் பார்த்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் ரமேஸால் பிடுங்க முடியாது. சடங்கன்று பெண்ணுக்கு முதல் மாலை போடுவது மூத்த தாய்மாமன். நல்ல நேரம் முடிவதற்குள் அவர் வராவிட்டால்தான் அடுத்த மாமனுக்கு உரிமை. இன்னொரு பேச்சும் அந்தக் குடும்பத்தில் உண்டு. வண்டி வைத்திருக்கிற மாமன் சீரோடு சொந்த வண்டியில்தான் வாசலில் வந்து இறங்க வேண்டும், எரவல் வண்டியில் வந்தால் பெண்ணுக்கு ஆகாது. எல்லோரும் சேர்ந்து ஒரு வேன் பிடிப்போமா என்று ரமேஸ் கேட்டான்.

“நீ வேன்ல போ, ஜீப்புல போ. நான் என் வண்டியிலதான் வருவேன்” என்றார் சின்னராசா.

சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தால் ஹொண்டாவின் பின்டயர் மொட்டையாகி நூல் தெரிந்தது. விஜயலெட்சுமியின் லயத்துக்கு ஏறும் பாதை செங்குத்து, மழைக்காலம் வேறு. அடுத்த நாளே பண்டாரவளையில் றிஸாத்தின் டயர் கடைக்குப் போனார்.

தொடக்கத்தில் புத்தியோடுதான் நடந்துகொண்டார். றிஸாத் எடுத்துப் போட்ட டயரை நகத்தால் அழுத்திப் பார்த்தார். எந்த வருஷம் செய்தது என்று பக்கவாட்டில் தேடினார். பளபளப்பாக இருந்தாலும் கடையிலேயே கிழடு தட்டிய டயர் இறுகிப்போய் வழுக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

“இது புது சரக்குதான் அண்ணே. ஒங்க ரிம்முக்கு அளவான அகலம். நடுவுல கோடு, ஓரத்துல பல்லு. தாருலயும் ஓடும், தோட்டத்து ரோட்டுலயும் ஓடும்” என்றான் றிஸாத்.

சரி என்று சொல்ல வாயெடுத்தவரின் கண் மேலே கொக்கியில் தொங்கிய டயரில் விழுந்தது. அகலமாக, முரட்டுப் பல்லோடு, அசல் ரமேஸின் டயர்.

“அது என்னா?”

“அது புது பைக்குகளுக்கு அண்ணே. ஒங்களுக்கு வேணாம்.”

“ஏன், என் வண்டிய பாத்தா வண்டியாத் தெரியலையா?”

“அதுக்கில்லண்ணே. இது அகலம். மட்காட்டுக்கும் டயருக்கும் நடுவுல விரல் போகாது. சேத்து மண்ணு அடைச்சா வீல் சுத்தாது. யாரு வண்டில பாத்தீங்க இத?”

“யாரு வண்டிலயும் பாக்கல. மேடு ஏறுமா ஏறாதா?”

“ஏறும்தான்...”

“அப்பப் போடு.”

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையை அவரும் சின்ன வயதில் கேட்டவர்தான். கேட்டு என்ன செய்ய? செயினைத் தளர்த்தி, சக்கரத்தைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளி, செயின் கவரைக் கழற்றி, றிஸாத் எப்படியோ அதை மாட்டிக் கொடுத்தான். சின்னராசா வீட்டுக்குப் போகும் வழியில் தம்பியின் வாசலை இரண்டு தடவை சுற்றினார். ரமேஸ் வெளியே வந்து குனிந்து பார்த்தான்.

“நல்லாருக்கு அண்ணே. கொஞ்சம் நெருக்கமா இருக்கு போல. மட்காட்ட ஒரு இஞ்ச் தூக்கிப் போட்டா...”

“ஒன் வேலையப் பாருடா” என்றார் சின்னராசா. தம்பிக்கும் பொறாமை வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

சடங்குக்கு முதல் நாளே அவர் மனைவி இராக்கம்மா சீர்த் தட்டுகளோடு பஸ்ஸில் போய்விட்டாள். பட்டுச் சேலையும் மாலையும் மட்டும் அவர் கையில். இரவெல்லாம் பெய்த மழை காலையில் ஓய்ந்திருந்தது. கொஸ்லந்தைப் பக்கம் இறங்கிப் பெரிய ரோட்டைப் பிடித்தபோது புது டயர் ஊங்காரம் போட்டது. அவருக்கு அது தனக்குப் போடும் மேளமாகவே கேட்டது.

தோட்டத்துப் பாதையில் இரண்டாவது முடக்கு வளைவைத் தாண்டியதும் மேளம் நின்றது. டயரின் பல்லெல்லாம் செம்மண்ணை அள்ளி அள்ளி மட்காட்டுக்குள் திணித்திருந்தது. சக்கரம் சிக்கிக்கொண்டு அசைய மறுத்தது. இறங்கிக் குச்சியால் தோண்டினார். கிளப்பினார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அடைத்தது. வேட்டி சேறானது. மேலே லயத்தில் தப்பு மேளச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. நேரம் போவதை விட ரமேஸின் கையில் மாலை ஏறுவதை நினைத்துத்தான் அவருக்கு வயிறு எரிந்தது.

அப்போது மேலிருந்து அந்த பைக் இறங்கி வந்தது. ரமேஸ் வெள்ளைச் சட்டையோடு அவசரமாக இறங்கினான்.

“ஏறுங்கண்ணே. நேரம் முடியப் போகுது. எல்லாரையும் நிப்பாட்டி வச்சிட்டு வந்திருக்கேன்.”

“ஒன் வண்டியில போயி எறங்கச் சொல்றியா?”

ரமேஸ் ஒரு நிமிஷம் யோசித்தான். தன் பைக்கை ஓரத்தில் நிறுத்திப் பூட்டினான்.

“சரிண்ணே. நீங்க மாலையோட குறுக்கு வழியில நடங்க. ஒங்க வண்டி வாசலுக்கு வரணும், அவ்வளவுதானே? நான் கொண்டு வர்றேன்.”

அந்த முகத்தில் கேலி இருக்கிறதா என்று சின்னராசா தேடினார். இருந்திருந்தால் அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பார். ஒன்றும் அகப்படவில்லை. மாலையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கத் தேயிலைக்குள் ஏறினார்.

நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார். பச்சை ஓலைக் குடிசைக்கு முன்னால் தனுஜா தலை குனிந்து நின்றாள். அவர் மாலையை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

“ஐயோ, ரமேஸப் பாருங்களேன்” என்று யாரோ சொன்னார்கள்.

எல்லாத் தலைகளும் பாதைப் பக்கம் திரும்பின. தலை முதல் கால் வரை செம்மண் அப்பிய ரமேஸ், சுற்றாத சக்கரத்தோடு ஹொண்டாவைத் தள்ளிக்கொண்டு, இழுத்துக்கொண்டு, வாசலுக்கு வந்துகொண்டிருந்தான். வீடியோ எடுத்தவனும் அங்கே திரும்பிவிட்டான். தனுஜா நிமிர்ந்து, “சின்ன மாமா” என்று சிரித்தாள். சின்னராசாவின் மாலை விழுந்தபோது அவள் முகம் அந்தப் பக்கம்தான் இருந்தது.

பந்தியில் விஜயலெட்சுமி தானே வந்து அண்ணனுக்குப் பரிமாறினாள்.

“நேரம் போகுது, நீங்க போடுங்கன்னு எல்லாரும் சொன்னாங்க பெரியண்ணே. அண்ணன் வராம தொட மாட்டேன்னு ஒரே புடியா நின்னுட்டாரு சின்னண்ணன். இப்படி ஒரு தம்பி யாருக்குக் கெடைப்பான், சொல்லுங்க.”

“ஆமா” என்றார் சின்னராசா.

எதிர் வரிசையில் ரமேஸ் யாரோ கொடுத்த பழைய சாரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, சிரித்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சின்னராசா அவனையே பார்த்தார். காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாக மனதில் புரட்டினார். தம்பி பேசிய ஒரு சொல், பார்த்த ஒரு பார்வை, எதிலாவது ஒரு குற்றம் அகப்பட்டால் போதும், வயிறாரச் சாப்பிட்டிருப்பார். கடைசி வரை ஒன்றும் அகப்படவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்.