மடிக்குள் இருந்தது

பெருநாளுக்குக் கல்முனைக் கடற்கரையில் கார்னிவல் போட்டிருந்தார்கள். ரோலர் கோஸ்டர் வாசலில் வாளியோடு நின்ற மனிதரின் இடது கண், அவித்த மீனின் கண்போல வெளுத்திருந்தது. போன், மூக்குக்கண்ணாடி, பேர்ஸ் எல்லாம் வாளிக்குள் விழுந்த பிறகே ஏறவிடுவார். இடுப்பில் சாரன் உடுத்தவர்களிடம் மட்டும் மடியையும் அவிழ்த்துக் காட்டச் சொல்வார்.

"மடிக்குள்ள என்ன, காக்கா?" என்று அண்ணன் முறை வைத்து என்னிடம் கேட்டார்.

"ஒண்டுமில்ல. என்னப் பாத்தா கள்ளன் மாதிரியா இரிக்கி?"

வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"கள்ளனெண்டாலும் பறவாயில்ல. போன வருசம் ஒராள்ர போன் மேல இருந்து இந்தக் கண்ணுலதான் விழுந்த. எறங்கி வந்தவர் என்னப் பாக்கல்ல. போன் உடைஞ்சிட்டா எண்டுதான் பாத்தார்."

அதைக் கேட்ட பிறகும் நான் மடியை அவிழ்க்கவில்லை. என்னை நம்பினாரோ, கேட்டுக் கேட்டே அலுத்துவிட்டாரோ, வழிவிட்டார்.

முதல் வளைவிலேயே மடி நழுவியது. போனை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தேன். பிரேக் பிடியும் அவர் பொறுப்புத்தான்; அது அந்த வளைவின் கீழேதான் இருந்தது. அதைப் பிடித்தபடி, மிஞ்சிய ஒற்றைக் கண்ணால் அவர் எங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

இறங்கியதும் நானும் முதலில் போனைத்தான் பார்த்தேன்.