பெட்டியிலேயே பழசான சப்பாத்து

மலையேறும் சாமான்களை வாடகைக்கு விடுகிறவனுக்கு மலையேறத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு சாமானைத் தொட்டுப் பார்த்து அது எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்தால் போதும். ஆயர் ஈத்தாமில், கொடிமலை அடிவாரத்தில் என் கடை. குளிர் ஜாக்கெட், தூங்கும் பை, முதுகுப்பை எல்லாம் வாடகைக்கு. மலையேறக் காலில் போடுகிற சப்பாத்து மட்டும் விற்பனைக்கு. உங்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லப்போகிற சங்கடம் உடனே புரியும்.

தூசி படாத ஜோடி

குணா அண்ணனும் அவர் மனைவி வசந்தி அக்காவும் நேப்பாளம் போகச் சாமான் எடுக்க வந்தார்கள். அண்ணன் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா பள்ளிக்கூட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். பனிமலையைப் பார்க்கப் பதினோரு வருடத்துக்கு முன்பே கிளம்பத் தயாரானவர்கள். மகள் படிப்பு, மாமியார் படுக்கையில் விழுந்தது, பிறகு கோவிட் என்று தள்ளிக்கொண்டே போனது. இனித் தள்ள முடியாது. அக்காவுக்குக் கண் நரம்பு கெட்டு ஓரத்துப் பார்வை போய்விட்டது. நடுவில் மிச்சமிருப்பது அடுத்த வருடம் இருக்குமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. அது இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

பதினோரு வருடத்துக்கு முன் வாங்கிய சப்பாத்துகளைப் பெட்டியோடு கொண்டுவந்து காட்டினார்கள். பார்வைக்குப் புத்தம் புதுசு. ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் போடாமல் வைத்த சப்பாத்து உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். நமத்த பிஸ்கட் மாதிரி அமுங்கியது. சொல்லத்தான் வாயெடுத்தேன். பின்னால் அலமாரியில் நான் விற்கிற புதுச் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்று கூச்சம். கொஞ்ச நாள் போட்டு நடந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அக்கா பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார்:

“தீவாளிக்குத் தீவாளி இத எடுத்துத் தொடச்சி வைப்பாரு தம்பி. கல்யாணப் பட்டுச்சேலையக்கூட நாங்க இப்படிப் பாத்துக்கல.”

கொடிமலைப் பயிற்சி

சனிக்கிழமை காலைகளில் இருவரும் என்னிடம் வாடகைக்கு எடுத்த பைகளில் கனத்துக்கு அரிசியை அடைத்துக்கொண்டு கொடிமலை ஏறினார்கள். ஒருநாள் நானும் கூடப் போனேன். அண்ணன் முன்னால், அவர் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு அக்கா பின்னால். கல், வேர், படி என்று அவர் சொல்லச் சொல்ல, அக்கா சரியாக அந்த இடத்தில் காலைத் தூக்குவார். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவர்களால்தான் அப்படி நடக்க முடியும் போலிருக்கிறது.

காலில் பார்த்தால் பசாரில் வாங்கிய மலிவுச் சப்பாத்து. அந்த நல்ல ஜோடியைப் போட்டு வந்திருந்தால் பாதி மலையிலேயே அடி கழன்றிருக்கும். சிரித்துவிட்டுப் புதுசு வாங்கியிருப்பார்கள். எங்கே அது என்று கேட்டேன். அண்ணன் என்னை ஒரு விவரமில்லாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“நேப்பாளத்துக்குன்னு வாங்குனது லா தம்பி. இங்க போட்டுத் தேய்க்க முடியுமா?”

ஐந்து நாள் முன்னதாக

சொன்ன தேதிக்கு ஐந்து நாள் முன்னதாகவே பைகள் திரும்பி வந்தன. ஜாக்கெட்டுகளில் மடிப்புக்கூடக் கலையவில்லை. குளிர்கிற உயரத்துக்கே அவர்கள் போகவில்லை. அண்ணன்தான் நடந்ததைச் சொன்னார். இரண்டாம் நாள் ஏற்றத்தில் அவருடைய அடி கழன்றது. வழிகாட்டி கயிற்றால் கட்டிக் கொடுத்தார். மதியத்துக்குள் அக்காவுடையது இரண்டும் உதிர்ந்துவிட்டன. இன்னும் ஒரு நாள் நடந்தால் பனிமலை தெரிகிற மேடு. ஆனால் வழுக்கும் பாதையில், கயிறு கட்டிய காலோடு, பார்வை குறைந்தவரைக் கூட்டிப்போக மாட்டேன் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார்.

இறங்கும்போது அக்கா விழுந்து முழங்கால் வீங்கிவிட்டது. கீழே டவுனில் இருந்தாவது பனிமலை தெரியுமா என்று இரண்டு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்களாம். மேகம் விலகவே இல்லை. இதைச் சொல்லிவிட்டு அண்ணன் காலிப் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

“நான்தான் தம்பி பத்திரம் பத்திரம்னு வெச்சேன். அவ கண்ணுக்கு நான்தான் மலைய இல்லாமப் பண்ணிட்டேன்.”

எட்டு மாதம் கழித்து

அவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. தைரியம் வர எட்டு மாதம் ஆனது. மறுபடி போங்கள், எல்லாம் என் செலவு என்று சொல்வதற்காகப் புதுச் சப்பாத்து இரண்டு ஜோடியோடு ஜெலுத்தோங்கில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வெளியே போயிருந்தார். கதவைத் திறந்த அக்காவுக்கு என் குரலைக் கேட்ட பிறகுதான் ஆள் தெரிந்தது. இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகிறதாம்.

சப்பாத்து கொண்டுபோனதை அவரிடம் சொல்லவில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்ததைச் சொன்னேன், ஏன் பேசாமல் இருந்தேன் என்பதையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அக்கா கோபப்படவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கையால் தடவி ஒரு நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

“நாங்க கேட்டிருக்க மாட்டோம், அது வேற. நீங்க சொல்லியிருக்கணும் தம்பி. இப்பவாச்சும் உக்காந்திருந்து அவருகிட்ட சொல்லிட்டுப் போங்க. தெனமும் தன்னையே திட்டிக்கிறாரு.”

அண்ணன் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். வாய் கூசாமல் பொய் சொல்லி வியாபாரம் செய்கிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர்; உண்மையைச் சொல்லக் கூசி வாடிக்கையாளருக்கு இவ்வளவு பெரிய நஷ்டத்தை வைத்தவன் அநேகமாக நான் ஒருவன்தான்.