சூர்ப்பனகைக்கு எங்க அத்த மூஞ்சி

பாலக்கோட்டுப் பக்கம் எங்கூருப் பெருமாள் கோயிலுக்கு இப்ப மறுபடி பெயிண்ட் அடிக்கிறாங்க. பேத்தி செல்லுல காட்டுனா. சீதையும் செகப்பு, சூர்ப்பனகையும் செகப்பு. ரெண்டு பேரும் ஒரே டப்பா பவுடரு போல. அந்தச் செவுத்துல முன்ன ராட்சசி எப்பிடி இருந்தான்னு எனக்குத்தான தெரியும்? அவளக் காட்டிக் குடுத்ததே நானு.

அப்ப எனக்கு ஏழு வயசு. கோயில் செவுத்துல படம் எழுத வந்தவருக்கு எங்க வூட்டுலதான் சோறு. வெல்லம் திருடுனேன்னு அன்னிக்குக் காலையில அத்த, எங்கப்பாவோட தங்கச்சி, முதுகுல ரெண்டு வெச்சிருந்தா. அந்த நேரம் பாத்து அவரு, "சூர்ப்பனகை எப்பிடி இருப்பா பாப்பா?"ன்னு வெளையாட்டாக் கேட்டாரு. வுடுவனா? நல்ல கறுப்பு, தாடையில பச்ச குத்தியிருக்கும், மூக்குல ரெண்டு பக்கமும் மூக்குத்தி, கண்ண உருட்டுனா எருமையும் மெரளும்னு அளந்துவுட்டேன்.

கும்பாபிசேகத்தன்னிக்குப் படுதாவ அவுத்தாங்க. சீதை சுண்ணாம்பு அடிச்ச பொம்ம மாதிரி நிக்குறா. பக்கத்துல எங்க அத்த! உசுரோட, ராமர நேருக்கு நேரா மொறச்சிக்கிட்டு. ஊரே செவுத்தப் பாக்குது, திரும்பி அத்தயப் பாக்குது. எங்கம்மா முந்தானிய வாயில அடச்சிக்கிச்சு. அன்னிக்குன்னு பாத்து அத்தயப் பொண்ணு பாக்க ஏரியூருல இருந்து வந்தவங்களும் அங்கயே நிக்குறாங்க. அதுல வெத்தல எச்சி ஒழுக ஒரு தாத்தா வேற.

அத்த நேரா படக்காரர்கிட்டப் போனா. அறையப் போறான்னு கண்ண மூடிக்கிட்டேன்.

"இது மூக்கறுக்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியாங்க?"

"முன்னாடிங்க... அழிச்சிடட்டுங்களா?" அவரு துண்ட உருவிக்கிட்டுச் செவுத்துகிட்ட ஓடுறாரு.

"தொட்டுப் பாருங்க, தெரியும். சீதையவிட நல்லாத்தான் இருக்குறா."

ஏரியூருக்காரங்க காப்பிகூடக் குடிக்காம பஸ் ஏறிட்டாங்க. வூட்டுல எழவு வுழுந்த மாதிரி ஆயிடுச்சு. அத்தயோட கல்யாணத்த என் வாயே கெடுத்துப்புடுச்சேன்னு எனக்குச் சோறு எறங்கல. அத்த மட்டும் ரெண்டு உருண்ட களி தின்னுட்டு, என்ன அடுப்பு மூலைக்குக் கூப்ட்டுக் கை நெறைய வெல்லம் குடுத்தா.

"யாரு சொன்னதுன்னு தெரியும்டி. தின்னு."

வெஷம் கிஷம் வெச்சிருப்பாளோன்னு நக்கி நக்கிப் பாத்துத்தான் தின்னேன். அந்தத் தாத்தாதான் மாப்பிள்ளைன்னு எனக்கு யாருமே சொல்லலயே.