அழித்ததைச் சொல்லும் வரி

2024 ஜூன் 13, வியாழக்கிழமை. விடிந்ததும் திருப்பதி மலையடிவாரத்தில் அலிபிரி வரை நடந்துவிட்டு வந்தேன். குளித்து, மிச்சமிருந்த மாவில் இரண்டு தோசை வார்த்துச் சாப்பிட்டு, மேசையைத் துடைத்துக் கணினியைத் திறந்தேன். முதலில் மின்னஞ்சல்கள், அதன் பிறகு மற்றவர்கள் எழுதிய நிரலைப் படித்துச் சரிபார்ப்பது. இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை.

எங்கள் நிறுவனம் தொழிற்சாலைகளுக்குப் பதிவுப் பெட்டிகள் செய்து தருகிறது. இயந்திரத்தின் சூடும் அழுத்தமும் அதற்குள் கோப்புகளாகச் சேரும். கரண்ட் திடீரென்று போனால் கோப்புகளின் ஒழுங்கு குலையும். திரும்ப வந்ததும் பெட்டி முதல் வேலையாகத் தன்னைத் தானே சோதித்துக் குலைந்ததைச் சரிசெய்துகொள்ளும். அந்தச் சோதனை நிரலில் யார் ஒரு வரியை மாற்றினாலும் இன்னொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும். அன்று அது என்னிடம் வந்திருந்தது.

ஒரு ஃபோல்டர் சேதமானால் அதில் இருந்த கோப்புகள் பெயரை இழக்கும். உள்ளே எழுதியிருப்பது பத்திரமாகத்தான் இருக்கும். எங்கள் பழைய நிரல் அவற்றைக் 'கண்டெடுத்தவை' என்று ஒரு தனி ஃபோல்டரில் போட்டு வைக்கும். போன மாதம் வெளியான பதிப்பில், நான் பார்க்காத ஒரு மாற்றத்தைச் சேர்த்திருந்தார்கள்: சோதனை பாதியில் நின்று மறுபடி தொடங்கினால், கண்டெடுத்தவை எல்லாம் குப்பை, அழித்துவிடு. அழித்தபின் திரையில் 'கண்டெடுத்தவை அழிக்கப்பட்டன' என்று ஒரு வரி வந்து மறையும், அவ்வளவுதான். இப்போது வந்த மாற்றம் அந்த ஒரு வரியையும் எடுத்துவிட்டு 'சுத்தம்' என்று காட்டச் சொன்னது. காரணம் என்று எழுதியிருந்தது: வாடிக்கையாளர்களின் குழப்பத்தைக் குறைக்க.

அழிப்பது ஒரு தப்பு. அழித்துவிட்டுச் சுத்தம் என்று சொல்வதற்கு என்ன பெயர்?

அதன் கீழே ஒரு புகாரை இணைத்திருந்தார்கள். சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலை. கூழைச் சரியான சூட்டில் காய்ச்சியதற்கு அத்தாட்சியான இரண்டு நாள் சூட்டுப் பதிவுகளைக் காணவில்லை. அதற்கு எங்கள் பதில்: 'பயன்படுத்தியவர் அழித்திருக்கிறார். புகார் முடிந்தது.'

மாற்றத்தை எழுதியவருக்குச் சென்னைக்குப் போன் செய்தேன். புகாருக்குப் பதில் எழுதியவரும் அவரே.

"டெஸ்ட் எல்லாம் பாஸ் மேடம். நீங்க ஓகே மட்டும் போடுங்க, நாளைக்கு ரிலீஸ்."

"சோதனை நடுவுல கரண்ட் போனா?"

சிரித்தார். "ரிப்பேர் ஓடும்போது எவன் மேடம் ஸ்விட்ச ஆஃப் பண்ணுவான்? உங்ககிட்ட குடுத்தா கமா, புள்ளி வரைக்கும் படிப்பீங்கன்னு சொன்னாங்க. சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

எவன் செய்வானா? எங்கள் பக்கத்தில் எல்லாரும்தான் செய்கிறார்கள். கரண்ட் போகும். வாட்ச்மேன் ஜெனரேட்டரைப் போட்டு லீவரைத் தள்ளுவார். பெட்டி உயிர்பெற்றுச் சோதனையைத் தொடங்கும். அதற்குள் கரண்ட் வந்துவிடும். டீசல் வீணாகிறதே என்று அவர் உடனே லீவரைத் திருப்புவார். பெட்டி பாதிச் சோதனையில் அணைந்து மறுபடி எழும். மாம்பழக் காலத்தில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் நடக்கிற காரியம் இது. சென்னையில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தெரியாதது குற்றமில்லை. ஒரு கேள்விகூடக் கேட்காமல் இன்னொருவர் தலையில் கட்டினாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

புகாரில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். எடுத்தது அங்கே லேப்பில் வேலை செய்யும் பெண். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரிப் பக்கத்துப் பேச்சு.

"நானு ஏன் மேடம் அழிக்கப் போறேன்? கூழு எத்தினி சூட்டுல கீதுன்னு பாத்துக்கினு நிக்கிறவ நானு. அந்தப் பொட்டியாண்டயே போவ மாட்டேன். உங்க கம்பெனில இருந்தே எழுதிக் குடுத்துட்டாங்களாம், ஆளுதான் அழிச்சிதுன்னு. லேப்புல கீற ஆளு நானு ஒருத்திதான?"

"இப்ப என்ன சொல்றாங்க?"

"மேனேஜரு 'சந்தகம் பெட்டம்மா'ன்னு பேப்பர நீட்டிக்கினு கீறாரு. நான்தான் அழிச்சேன்னு கையெழுத்துப் போடணுமாம். போட்டா வேல போவும். போடலன்னா போலீசுக்குப் போவேன்றாரு. நாளிக்கி மத்தியானம் வரைக்கும்தான் டைம்."

"போடாதீங்க. அழிச்சது நீங்க இல்ல, எங்க பெட்டி."

"இத அவராண்ட யாரு மேடம் சொல்றது?" என்றாள்.

அலமாரியில் அதே மாதிரிப் பெட்டி ஒன்று இருந்தது. அதில் போன மாதப் பதிப்பை ஏற்றி, சில கோப்புகளை எழுதி, வேண்டுமென்றே அந்த ஃபோல்டரைச் சேதப்படுத்தினேன். சோதனை தொடங்கியதும் வாட்ச்மேன் செய்வதுபோல் பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். கோப்புகள் போய்விட்டன. மறுபடி செய்து பார்த்தேன். மறுபடியும் போயின.

'ஒப்புதல் இல்லை' என்று காரணங்களோடு எழுதி அனுப்பினேன். புகாருக்கு எழுதிய பதிலையும் திருத்தச் சொன்னேன். சென்னைக்காரரே கூப்பிட்டார்.

"ரிலீஸ வேணா தள்ளிப் போடலாம் மேடம். அந்தப் பதில மாத்தினா பழி நம்ம மேல வரும். அங்க ஒரு லேடி கையெழுத்துப் போட்டா விஷயம் முடிஞ்சுது. எதுக்குக் கிளறறீங்க?"

இருபது வருடமாக அடுத்தவர் எழுதிய வரிகளைப் படிக்கிறேன். இவ்வளவு கேவலமான ஒன்றை எந்த நிரலிலும் படித்ததில்லை.

"நம்ம மேல வரணும். நாமதான அழிச்சோம்? நீங்க மாத்தலன்னா என் பேர்ல நான் மாத்துவேன்" என்றேன்.

அவர் மாற்றவில்லை. நான் மாற்றினேன். 'அழித்தது எங்கள் நிரல்' என்று எழுதி, தொழிற்சாலைக்கும் அனுப்பினேன். மாலைவரை பதில் இல்லை. எழுதியதை மட்டும் பார்த்து அந்த மேனேஜர் நம்புவாரா என்று யோசித்தேன். நான் சோதித்த பெட்டியில் மறுபடி சில கோப்புகளை எழுதி, அணைத்துப் பையில் வைத்தேன்.

மறுநாள் காலை நடக்கப் போகவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சித்தூர் பஸ்ஸில் போனேன். மேனேஜர் அறையில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கமாக மேசையில் தாளும் அதன்மேல் பேனாவும் இருந்தன. "கூர்ச்சோண்டி மேடம்" என்று அவர் நாற்காலியைக் காட்டினார். நான் உட்காராமல், பிளக் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

பெட்டியில் இருந்த கோப்புகளை முதலில் காட்டிவிட்டு, கரண்ட் போனால் ஆவதுபோல் அவற்றின் ஃபோல்டரைச் சேதப்படுத்தி, சோதனையை ஓடவிட்டு, வயரை அவர் கையிலேயே கொடுத்தேன். சொன்னதும் பிடுங்கினார். சொன்னதும் போட்டார். திரையில் அந்த வரி வந்தது. மறைவதற்குள் வாய்விட்டுப் படித்தார். கோப்புகள் இருந்த இடத்தைத் திறந்து பார்த்தார், ஒன்றும் இல்லை. பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.