மேட்டுப்பாளையத்தில் ஒரு போல்ட்

பாண்டிச்சேரி மேட்டுப்பாளையம் பட்டறையில் மச்சானின் கார் வாய் பிளந்து நிற்கிறது. போருக்கு முந்தைய இங்கிலாந்துக் கார். சாயங்காலம் கடற்கரையில் பழைய கார்களின் ஊர்வலம், மச்சான் அங்கே காத்திருக்கிறார். வழியில் இன்ஜின் போல்ட் ஒன்று கழன்று விழுந்துவிட்டது. இங்கிலீஷ் கார்தானே என்று நான் வாங்கி முடுக்கிய இஞ்ச் போல்ட் பாதியில் சிக்கிக்கொண்டது. இன்ஜினைக் கொன்றுவிட்டேன் என்று, மச்சானிடம் அழவேண்டிய வசனத்தை முணுமுணுத்துப் பார்க்கிறேன்.

மெக்கானிக் பாய் சிரிக்கிறார். "பதறாதீங்கண்ணே, மரை கெடல. இந்த இன்ஜின் செஞ்ச ஃபாக்டரி முதல்ல பிரெஞ்சுக்காரனோடது. இங்கிலீஷ்காரன் வாங்கியும் பழைய மிஷினை மாத்தல. அதனால போல்ட் தலை இஞ்ச்சு, மரை மட்டும் மில்லிமீட்டரு."

"அப்ப இதுவும் பாண்டிச்சேரி ஆளுதானா, பாய்?"

என் போல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்து விரலாலேயே திருகுகிறார். இன்ஜின் உறுமுகிறது. ரேடியேட்டருக்கு மொண்ட தண்ணீரை என்னிடம் நீட்டுகிறார்.

"நீங்க குடிங்க. வண்டி சூடாவல."